பூஜை போட்ட கார்

தனசேகரனை நான் கடைசியாக உயிரோடு பார்த்த அன்றைக்கு அவர் ஒரு காருக்கு அடியில் படுத்துக்கிடந்தார். கால்கள் இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன.

கார் வாங்க வந்தவர் அவர் இல்லை. அவருடைய மனைவியின் அண்ணன் சின்னதுரை.

எண்பத்தேழாம் வருஷம் அது. கள்ளக்குறிச்சியில் சின்னதுரைக்குக் கரும்பில் நல்ல வரும்படி. ஆனால் அவருடைய பங்காளி கொளஞ்சி ஒரு ஜீப் வாங்கியிருந்தான். அந்த ஜீப் தெருவில் திரும்பும் சத்தம் கேட்டாலே சின்னதுரைக்குச் சோறு இறங்காது. அதை முந்திக்கொண்டு வெள்ளிமலை ஏற வேண்டும். அதுவும் பெண்டாட்டி பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஏற வேண்டும்.

இந்த ஆசையை எப்படியோ தெரிந்துகொண்டு, புரோக்கர் கண்ணாயிரம் சென்னையிலிருந்து ஒரு சிவப்பு பியட்டைக் கொண்டுவந்து தன் ஷெட்டில் நிறுத்தினான். சோழவரம் பந்தயத்தில் ஓடிய கார் என்றான். சின்னதுரைக்குப் பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் என்னையும் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள்.

சின்னதுரை தன் பங்குக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். நம்பரைக் கூட்டினால் ஆறு வந்தது. மகள் ஆண்டாளின் ராசிக்குச் சிவப்பு பொருந்தியது. உடனே சூடம் கொளுத்தி, பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றியும் ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் லாரி ஓட்டிப் பழகிய தங்கை புருஷனை வரச்சொன்னார். சோதித்துப் பார்ப்பதற்கு அல்ல, மெச்சுவதற்கு.

தனசேகரன் முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. பூஜைக்கு நகர்த்தினது என்றான் கண்ணாயிரம். சூடான இன்ஜின் தன் வியாதியைக் காட்டாது, ஆறட்டும் என்று சொல்லிவிட்டு இவர் டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்து ஸ்டார்ட் பண்ணினார். நீலப் புகை வந்தது. முன்சக்கரங்களைத் தடவிப் பார்த்தார். உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. அப்புறம்தான் அடியில் நுழைந்தார்.

வெளியே வந்து, சட்டைப் புழுதியைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"வேணாம் மச்சான். எங்கியோ பலமா மோதியிருக்கான். ஸ்டீரிங் புடிமானம் இருக்கற எடத்துல வெல்டு வச்சி, மேல பெயிண்ட் அடிச்சிருக்கான். மலை எறக்கத்துல அது வுட்டுச்சின்னா ஒருத்தரும் மிஞ்ச மாட்டீங்க."

பந்தய வண்டி என்றால் நாலு இடி வாங்கத்தான் செய்யும் என்று கண்ணாயிரம் சிரித்தான்.

சின்னதுரை சிரிக்கவில்லை. "பூஜை போட்ட வண்டியப் பாத்துச் சொல்ற பேச்சாய்யா இது? நான் கார் வாங்குனா உனுக்கு இன்னா கொறையுது?"

தனசேகரன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். காலையில் பணத்தோடு வருவதாகப் புரோக்கரிடம் சொல்லிவிட்டுச் சின்னதுரையும் கிளம்பினார்.

காலையில் போனால் கார் இல்லை. விடிவதற்கு முன்பே விற்றுப்போய்விட்டது. வாங்கியவர் தனசேகரன்.

அன்றைக்கே நான் என் மனைவியோடு திருக்கோவிலூரில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. ரோட்டில் நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு வாரம் பஸ் கிடையாது. அங்கேயே மாட்டிக்கொண்டோம்.

திரும்பி வந்தபோது தனசேகரன் இல்லை. மறியல் சமயத்தில் நெஞ்சுவலி வந்திருக்கிறது. கட்டிலில் வைத்து, கிடந்த மரங்களையெல்லாம் தாண்டித் தாண்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போயிருக்கிறார்கள். பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு, தங்கைக்குப் பிறந்த வீட்டுப் புடவை எடுத்துக்கொண்டு சின்னதுரை போனார். நானும் கூடப் போனேன். வழியெல்லாம் அதே பேச்சுதான்.

"எனக்கு வேணாம்னு சொல்லிட்டு அவனே வாங்கிக்கினான் பாருங்க. அவ்ளோ வயித்தெரிச்சல். இன்னா ஆச்சி? ரேஸ் காரு வச்சிருந்தவன் கட்டில்ல போனான்."

காரியம் முடிந்ததும் அவர் கண் கொல்லைப்பக்கம் போனது. அங்கே தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது கார்.

தங்கை காசியம்மாளிடம் நயமாகத்தான் கேட்டார். அந்தக் காரை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்யப்போகிறாள், போட்ட பணத்தை வாங்கிக்கொண்டு தனக்கே கொடுத்துவிடலாமே என்றார்.

காசியம்மாள் போய்த் தார்ப்பாயை இழுத்தாள்.

காரில் ஸ்டீரிங் இல்லை. முன்சக்கரங்கள் இல்லை. இன்ஜினும் இல்லை. வெறும் கூடு செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது.

"வாங்கியாந்த அன்னிக்கே கழட்டிட்டாரு அண்ணே. யாரும் திருப்பி மாட்டக் கூடாதுன்னு, அந்த வெல்டு வச்ச எடத்த சம்மட்டியால அடிச்சி ஒடச்சிட்டாரு."

சின்னதுரை குனிந்து அந்த உடைந்த இடத்தைப் பார்த்தார்.

"நீ சீரா போட்ட நகைங்களக் கழட்டிக் குடுத்துத்தான் வாங்கனோம். இதுக்கா குடுக்கணும்னு நான் கூடக் கேட்டேன். 'காலீல உங்கண்ணன் பணத்தோட போயிடுவாரு, சொன்னா கேக்கற ஆளு இல்ல. என்னை வயித்தெரிச்சல் புடிச்சவன்னு திட்டட்டும். திட்டறதுக்கு அவரு இருக்கணும் இல்ல'ன்னாரு."

அந்தக் காரின் பின்சீட்டு இன்றும் காசியம்மாள் வீட்டுக் கூடத்தில் கிடக்கிறது. சின்னதுரை போனால் தரையில்தான் உட்காருகிறார்.