துலுவாவில் இரண்டாவது கடை

யமிலே மேசைக்கு அடியில் கையை விட்டு மூலை மூலையாகத் தடவினாள்.

"என்ன ராசாத்தி, ஏதாச்சும் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள், கடைக்காரரின் மனைவி நூபியா.

"ஒரு கம்மல்..." என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள் யமிலே. கம்மல் இரண்டும் காதிலேயே ஆடிக்கொண்டிருந்தன. நூபியா அதைப் பார்த்தும் பார்க்காதவள்போலக் குனிந்து தரையில் தேட ஆரம்பித்தாள்.

மேசைக்கு அடியில் ஒரு பபிள்கம்கூட ஒட்டியிருக்கவில்லை. ஹசிந்தா ரொட்டிக் கடைகளில் இது உலக அதிசயம். நூற்று நாற்பது ஃபிரான்சைஸ் கடைகள். அத்தனைக்கும் தலைமை மேற்பார்வை யமிலே. வாடிக்கையாளர்போலப் போய் உட்கார்ந்து, சத்தமில்லாமல் மதிப்பெண் போடுவது அவள் பிழைப்பு.

நல்ல பிழைப்பு போங்கள்! பத்தொன்பது வருஷம். தட்டு கழுவுவதில் ஆரம்பித்து, கல்லா, மேலாளர், மண்டல மேலாளர் என்று ஏறி வந்தாயிற்று. வாரத்துக்கு நாலு ஊர், நாலு விடுதித் தலையணை, ஓயாத முழங்கால் வலி. இதற்கெல்லாம் விடிவாக பொகோட்டா தலைமை அலுவலகத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. விளம்பரம், விற்பனை இரண்டுக்கும் இயக்குநர்.

"நீ எழுதின கையேட்டுப்படி ஒரே ஒரு கடையாவது தொண்ணூத்தஞ்சு மார்க் வாங்கட்டும், நாற்காலி உனக்கு. இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும்தான் டைம். இல்லேன்னா வெளியாள்தான்" என்று முதலாளி அர்போலேடா கறாராகச் சொல்லியிருந்தார்.

காலையில் துலுவா ஊருக்கு வந்து, பேருந்து நிலையத்துக் கடைக்கு ஐம்பத்துநாலு போட்டாள். அலுத்துப்போய்த் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் தேடியவள் கண்ணில் அதே ஹசிந்தா போர்டு பட்டது. துலுவாவில் இரண்டாவது கடையா? நூற்று நாற்பதில் எதை என்று ஞாபகம் வைத்துக்கொள்வது!

உள்ளே நுழைந்த நாலாவது நொடியில் வரவேற்பு. "அய்யோ, தொப்பலா நனைஞ்சுட்டீங்களே!" என்று ஒரு துண்டு. கேட்காமலே அடுப்புப் பக்கமாக ஒரு நாற்காலி. கழிவறை பளபளவென்று இருந்தது.

நூபியா தேடுவதை விட்டுவிட்டு, சூடாகப் பண்டேபோனோ என்ற சீஸ் ரொட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். பிய்த்ததும் ஆவி பறந்தது, சீஸ் நூலாக நீண்டது. கம்பெனி லாரியில் உறைந்து வரும் மாவுக்கு இவ்வளவு ருசி உண்டா என்று யமிலேவுக்கே ஆச்சரியம். சத்தியமாகக் கண் கலங்கிவிட்டது.

கைபேசியைத் திறந்து மடமடவென்று மதிப்பெண் போட்டாள். கடை எண் என்ற கட்டத்தில் மட்டும் மாட்டிக்கொண்டாள். பட்டியலில் துலுவாவுக்கு ஒரே எண்தான், அது பேருந்து நிலையத்துக் கடை. புதுக் கடைகளைப் பட்டியலில் ஏற்ற அலுவலகத்துக்கு எப்போதுமே மூன்று மாதம் ஆகும், சோம்பேறிகள். "புதிய கிளை" என்று தட்டிவிட்டாள். மொத்தம் தொண்ணூற்றெட்டு. நாலு படங்களோடு அனுப்பினாள்.

ஐந்தே நிமிஷத்தில் அர்போலேடா கூப்பிட்டார். "பிரமாதம் யமிலே! எல்லாருக்கும் அறிவிச்சுட்டேன், நீதான் இயக்குநர். நம்ம புது விளம்பரத்துக்கு அந்தக் கடைதான் முகம். டிவிக்காரங்க நாளைக்கே அங்க வருவாங்க."

யமிலே கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள். அப்பாடா. இனி வீட்டுத் தலையணை.

எழுந்து கல்லாவுக்குப் போனாள். கடைக்காரர் எவெலியோ கையெல்லாம் மாவாக நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, நான் வாடிக்கையாளர் இல்ல. தலைமை ஆபீஸ்லேர்ந்து வர்றேன்" என்று அடையாள அட்டையை நீட்டினாள்.

அந்த ஊரில் அப்படியோர் அட்டை வைத்திருந்தால் யாரானாலும் மரியாதைக்கு டாக்டோராதான். "உட்காருங்க டாக்டோரா" என்றார் எவெலியோ. குரல் இறங்கிவிட்டது. நூபியாவுக்கு முகம் வெளுத்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல, போர்ட நாமளே கழட்டிடலாம்னு? ஆள் வரும் ஆள் வரும்னு ரெண்டு வருஷமா உட்கார்ந்திருந்தியே மனுஷா!" என்று கணவரின் காதைக் கடித்தாள்.

"போர்டையா? எதுக்கும்மா கழட்டணும்? இதவிடப் பெரிசா ஒண்ணு மாட்டித் தர்றேன்" என்று சிரித்தாள் யமிலே. "நாட்டுலயே முதல் கடை உங்க கடைதான். நாளைக்கு டிவில வரப்போறீங்க!"

எவெலியோ சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். "யமிலே ஒகாம்போ ரெஸ்த்ரெப்போ... நீங்கதானா அது?"

யமிலேவுக்குப் பெருமை தாங்கவில்லை. "இந்த மூலை வரைக்கும் என் பேரு தெரியுதா?"

"தெரியாம இருக்குமா? லாரி மாவு வேணாம், நானே பிசைஞ்சுக்கிறேன்னு நாலு தடவை உங்களுக்கு எழுதினேன். அஞ்சாவதா உங்க பதில் வந்துச்சு."

"என்னன்னு எழுதியிருந்தேன்?"

எவெலியோ அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

"எங்கள கம்பெனிய விட்டு நீக்கியாச்சுன்னு, டாக்டோரா."