கை குலுக்க ஒரு வரிசை

இருபத்தாறாயிரத்து நானூற்றுப் பத்து டாலர். பிள்ளையை வளர்க்க மாதாமாதம் கொடுக்கச் சொல்லி கோர்ட் விதித்து, டெல்பர்ட் கட்டாமல் விட்ட பணம் அது. விவாகரத்துக்குப் பிறகு ஊர் ஊராக ஓடிப் பார்த்தார். அந்தப் பாக்கியை வசூலிக்கும் மாநில அட்டர்னி ஜெனரல் ஆபீஸ் விடவில்லை. தலை நரைத்த பிறகும் கூரை வேலைக் கூலியில் வாராவாரம் பிடித்தார்கள். டிரைவிங் லைசென்சையும் முடக்கினார்கள்.

இப்போதைய அட்டர்னி ஜெனரல் கொரின், அதே பதவிக்கு மறுபடியும் தேர்தலில் நின்று, இன்று ஓட்டுக் கேட்டு ஊருக்கு வந்திருந்தாள். பார்பிக்யூ கடை வாசலில் அவளோடு கை குலுக்க நீள வரிசை. டெல்பர்ட்டும் நின்றார்.

"உன் கூலிய உருவுனவளுக்கே கை குடுக்கப் போறியா பெருசு? வெக்கமா இல்ல?" என்றான் கூட வேலை பார்க்கும் டாவோ.

"சும்மா வாடா."

"வந்ததுதான் வந்த, மிச்சத்தத் தள்ளுபடி பண்ணச் சொல்லிக் கெஞ்சிப் பாரு."

முறை வந்தது. அவரைப் பார்த்ததும் கொரினின் சிரிப்பு நின்றது.

"உங்க ஃபைல நான் தொடக் கூடாது. பதவிக்கு வந்த அன்னிக்கே எழுதிக் குடுத்து ஒதுங்கிட்டேன். சலுகை கேட்டு வந்திருந்தா, பிரயோஜனம் இல்ல, அப்பா."

டாவோ வாயைப் பிளந்தான்.

"சலுகை கேக்க வரலம்மா. கடைசித் தவணையும் வெள்ளிக்கிழமை பிடிச்சுட்டாங்க. உன்ன வளத்த செலவு பூரா உங்கம்மாவுக்குப் போய்ச் சேந்துருச்சு. அதச் சொல்லத்தான் நின்னேன்."

"வட்டியோடவா?"

"வட்டியோட."

"அப்ப பாக்கி ஒண்ணும் இல்ல," என்றாள் கொரின், அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.