வளைவில் தேங்கும் ரத்தம்

"இன்னைக்காவது முடியுமாம்மா?" துடைப்பத்தோடு நின்று கேட்டேன்.

"தினமும் இதே கேள்வி. ரூமைப் பூட்டிட்டுக் கிளம்பணும், அதானே அண்ணே உங்க அவசரம்?" என்றாள் இன்ஜினியர் பெண்.

இதயம் வேலை செய்யாத பச்சைக் குழந்தையின் ரத்தத்தை வெளியே எடுத்து, சுற்றவிட்டு, திரும்ப உடம்புக்குள் அனுப்பும் மெஷின் இருக்கிறது. அதன் குழாய் வளைவில் ரத்தம் கட்டிக்கொள்கிறது. வளைவை மாற்றி மாற்றிக் கம்ப்யூட்டரில் ரத்தத்தை ஓடவிட்டுப் பார்ப்பதுதான் அவள் வேலை. தேங்கும் இடம் சிவப்பாகத் தெரியும். ஒரு வாரமாய்ச் சிவப்பு போகவே இல்லை.

இன்று திரை முழுக்க நீலம்.

"ஓடுதுண்ணே. எங்கயும் தேங்கல," என்று நாற்காலியில் சாய்ந்தாள். "இனிமே நீங்க நேரத்தோட வீடு போய்ச் சேரலாம்."

"மேல வார்டுக்கு எப்பம்மா வரும்?"

"சோதனை, அனுமதின்னு எவ்வளவோ இருக்கே. மூணு வருஷமாவது ஆகும். ஏண்ணே?"

"சும்மாதான்."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடியேறினேன். பழைய மெஷினில் கிடக்கும் பேரனைக் கண்ணாடி வழியே பார்த்தபடி என் மகள் நின்றிருந்தாள்.

"கம்ப்யூட்டர் அக்கா என்னப்பா சொன்னாங்க?"

"ரத்தம் நல்லா ஓடுதாம்," என்றேன்.

மூன்று வருஷத்தை மட்டும் விழுங்கிவிட்டேன்.