கோலில் கீறிய கோடு

மூன்றாவது குண்டும் இலக்குத் தாளின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போனது.

மார்னி துப்பாக்கியைச் சுடும் மைதானத்து மேசைமேல் வைத்துவிட்டுத் தோளைத் தேய்த்துக்கொண்டாள். கட்டைவிரல் பருமனுக்கு ஈயக் குண்டு. எண்பது கிரெய்ன் எடை வெடிமருந்துக்கு ஏதோ ஒழுங்காகப் போனது. தொண்ணூறுக்குச் சிதறியது. நூறு போட்டால் கழுதை உதைத்த மாதிரி தோள் கழன்றுபோகிறதே தவிர, குண்டு எங்கே போகிறதென்று குண்டுக்கே தெரியவில்லை.

போதாக்குறைக்கு வீட்டுக்குப் போனதும் இந்தச் சனியனைக் கழுவ வேண்டும். சுட்ட குழலை ஒரு ராத்திரி விட்டாலும் கரி இரும்பைத் தின்றுவிடும்.

சனிக்கிழமை எல்க் மான் சீசன். கொலராடோவில் இந்த சீசனுக்குக் குழல் வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிதான். கிடைப்பது ஒரே ஒரு குண்டு.

பின்னால் மடக்கு நாற்காலியில் அவள் புருஷன் கர்ட், சூரியகாந்தி விதை கொறித்துத் துப்பிக்கொண்டிருந்தான்.

“உங்கப்பன் துப்பாக்கியத்தான் எடேன். கனமான குண்டுக்கு அதான் சரி. எதிர்ல குதிரை கிதிரை நிக்குதான்னு மட்டும் பாத்துக்க.”

அவளுக்கு உச்சந்தலைவரை ஏறியது. கர்ட் மேல் இல்லை, அப்பா மேல்.

போன வருஷம் இதே சீசனில், பொழுது சாய்கிற நேரத்தில், மலைமேட்டில் ஒரே ஒரு வெடிச்சத்தம். ஹாகன் பண்ணையின் சினைக் குதிரை கழுத்தில் குண்டு வாங்கி விழுந்தது. மேட்டில் இருந்தது அப்பாவும் கர்ட்டும் மட்டும்தான். வனத்துறைக்காரர் வாயைத் திறக்குமுன்பே அப்பா, தான்தான் சுட்டதாகச் சொல்லிவிட்டார். ஒப்புக்கொண்டவரை அதற்குமேல் யார் தோண்டுவார்கள்?

மானுக்கும் குதிரைக்கும் வித்தியாசம் தெரியாத கண்ணை வைத்துக்கொண்டு இந்த வயசில் என்ன வேட்டை வேண்டிக்கிடக்கிறது? அவர் லைசென்ஸ் போனது. மளிகைக் கடையில் இவள் நுழைந்தால் பேச்சு நின்றது. வெளியூர்க்காரர்களை மலைக்கு வேட்டைக்குக் கூட்டிப்போய்ப் பிழைக்கிறவன் கர்ட், அவனுக்கும் சேர்த்துத் தலைக்குனிவு.

அன்று ராத்திரி வீடே இடிந்து உட்கார்ந்திருக்க, கர்ட் மட்டும் சமையலறைத் தொட்டியில் வெந்நீர் ஊற்றித் தன் துப்பாக்கியைக் கழுவினான். கரியின் அழுகின முட்டை நாற்றம் விடிகிறவரை போகவில்லை. இவனுக்காவது பொறுப்பு இருக்கிறதே என்று மார்னி நினைத்தாள்.

மறுநாளே போய் அப்பாவிடமிருந்து துப்பாக்கியைப் பிடுங்கினாள். அவர் தடுக்கவில்லை. பின்பக்கத்திலிருந்து, மருந்தைப் பற்றவைக்கிற பிரைமரை மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நீட்டினார்.

“கெட்டிக்கிறதுக்கு முன்னாடி குழல்ல கோலை இறக்கிப் பாத்துக்கம்மா.”

குதிரையைக் கொன்றவர் எனக்குப் பாடம் நடத்துகிறாரா என்று கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தாள். அதற்கப்புறம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. கிறிஸ்மஸுக்குக்கூட அவரைக் கூப்பிடவில்லை. துப்பாக்கி அலமாரியிலேயே கிடந்தது.

இப்போது அதை உறையிலிருந்து உருவினாள். கனத்த குண்டுக்கு அப்பா துப்பாக்கிதான் சரி என்பது இந்த ஊருக்கே தெரியும், அதுவும் ஒரு வயிற்றெரிச்சல். தொண்ணூறு கிரெய்ன் மருந்தை அளந்து எடுத்தாள். ஆனாலும் ஊறிப்போன பழக்கம், கை தானாக, மருந்து இடிக்கிற கோலைத் தேடியது.

கோலில் அப்பா கத்தியால் கீறிய இரண்டு கோடுகள். குழல் காலியென்றால் கோல் மேல்கோடுவரை இறங்கும். மருந்தும் குண்டும் உள்ளே இருந்தால் கீழ்க்கோட்டிலேயே நின்றுவிடும்.

கோல் கீழ்க்கோட்டில் நின்றது.

இரும்பில் இடிக்கிற சத்தம் வரவில்லை. ஈயத்தில் முட்டினால் வருகிற மொத்தைச் சத்தம்.

மார்னி கோலின் நுனியில் வெள்ளைத் துணியைச் சுற்றி மறுபடி இறக்கி, மெல்ல உருவினாள். ஒரு தடவை சுட்டிருந்தாலும் துணி கரியாக வந்திருக்க வேண்டும். வெள்ளையாகவே வந்தது.

அளந்து வைத்த மருந்தை மேசை ஓரத்துக்குத் தள்ளி வைத்தாள்.

ஏன் சொல்லவில்லை இந்த மனுஷன்? வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தார்? பெற்ற மகளே வந்து துப்பாக்கியைப் பிடுங்குகிறாள், அப்போதும் பேசாமலா நிற்பார்? சொல்லியிருந்தால் யாருடைய லைசென்ஸ் போயிருக்கும், யார் வீட்டில் அடுப்பு அணைந்திருக்கும் என்பதும் அந்தக் கணமே அவளுக்கு உறைத்தது. அப்பா மேல் இருந்த கோபம் இன்னும் ஒருபடி ஏறியது. ஆனால் அது அவரிடம் தங்கவில்லை.

கோலை மறுபடி குழலுக்குள் விட்டு, அப்படியே நிற்கவிட்டாள்.

“என்னடி யோசனை? போட்டுத் தள்ளு.”

மார்னி திரும்பினாள்.

“அன்னிக்கு ராத்திரி நீ ஏன் உன் துப்பாக்கியக் கழுவுன?”

கர்ட்டின் தாடை கொறிப்பதை நிறுத்தியது. அவன் அவளைப் பார்க்கவில்லை. குழல் வாய்க்கு மேலே கீழ்க்கோடு தெரிய நின்ற கோலையே பார்த்தான்.

பிறகு மடியில் கிடந்த காதடைப்பானை எடுத்து, இரண்டு காதும் மூட, இறுக்கி மாட்டிக்கொண்டான்.

அந்த மைதானத்தில் சுடுவதற்கு வேறு யாரும் வந்திருக்கவில்லை. அவளும் துப்பாக்கியைத் தொடவில்லை.