எல்லைக்கல்லின் முதுகுவலி

மாலை ஐந்தேகால் மணி. அடைமழை அப்போதுதான் விட்டிருந்தது. கடலோரத்தில் பல கிளைகளாகப் பிரியும் ஆற்றின் நடுவே, இரண்டு நாடுகள் பங்கிட்டுக்கொண்ட சிற்றூர் ஒன்றில், எல்லைக்கல் உற்சாகமாக நின்றது. நேற்றுவரை அதற்குக் கிழக்கே ஓடிய ஆறு, வெள்ளத்தில் தடம் மாறி மேற்கே ஓடியது. ஆறு போகுமிடமே எல்லை என்பது அவ்வூர் வழக்கம்; காலையில் கல்லைப் பிடுங்கி அக்கரையில் நடுவார்கள்.

கல்லை ஒட்டி நண்டு ஒன்று வளை தோண்டியிருந்தது. கல்லைப் பிடுங்கினால் வளை இடியும். உள்ளே குஞ்சுகள் இருந்தன.

"போகாதே அண்ணா," என்றது நண்டு.

"போகாமல்? நடும்போதெல்லாம் மாலை, சந்தனம், மேளம்! அதோ, அந்தக் கருவாட்டுக்காரி வீட்டை நான் எத்தனை முறை நாடு மாற்றியிருக்கிறேன், தெரியுமா?"

"மாற்றியதும் அவள் என்ன செய்தாள்?"

கல் யோசித்தது. "கருவாடு காயப்போட்டாள்."

"உன்னைத் திரும்பிப் பார்த்தாளா?"

"காக்கை விரட்டவே அவளுக்கு நேரம் சரியாக இருந்தது," என்றது கல். பிறகு, "தண்ணீர்ப் பக்கமாக மண்ணைப் பறி, தங்கச்சி. நின்று நின்று முதுகு வலிக்கிறது," என்றது.

நண்டு பறித்தது. இருட்டுவதற்குள், முத்திரை பொறித்த முகம் சேற்றில் புதைய, கல் மெல்லச் சாய்ந்து படுத்தது.

மறுநாள் காலை, கடப்பாரையோடு வந்தவர்கள் நிற்கும் கல்லைத் தேடிக் கரையோரமாகவே நடந்துபோனார்கள். இரு கரைப் பெண்களும் புதிய துவைகல்லுக்கு முறை வைத்துக்கொண்டார்கள். நண்டு குஞ்சுகளை வெயிலுக்கு அழைத்து வந்தது. கல் சோப்பு நுரைக்கு முதுகைக் காட்டியபடி, இன்னும் கொஞ்சம் சேற்றுக்குள் இறங்கிக்கொண்டது.