நைனாவோட வாட்ச்

"யோவ், நில்லுய்யா! அது எங்க நைனா வாட்ச்!"

திருத்தணி மலைப்படியில் இறங்கிக்கொண்டிருந்த ஆளின் மணிக்கட்டை ஹரிஹரன் எட்டிப் பிடித்தான்.

சொல்லாமல் கொள்ளாமல் போய் அப்பாவை அசத்தலாம் என்று பெங்களூரிலிருந்து வந்திருந்தான். ரயிலை விட்டு இறங்கிச் செல்லைப் பார்த்தால், அப்பா தணிகாசலம் வழக்கம்போல் மலைப்படியில் இருப்பதாகக் காட்டியது. ஓடி வந்தால் அப்பாவைக் காணோம். அவர் வாட்ச் மட்டும் எவனோ ஒருத்தன் கையில்!

லேசுப்பட்ட வாட்சா அது? உள்ளேயே சிம். பக்கத்தில் செல்போன்கூட வேண்டாம். அப்பா எங்கே போகிறார், எவ்வளவு நடக்கிறார், நாடி எப்படித் துடிக்கிறது, எல்லாம் பெங்களூருக்கு வந்துவிடும். தனியாக இருக்கிற மனுஷனுக்கு அதைவிட என்ன துணை வேண்டும்? அது வந்ததிலிருந்து "எப்படிக்கீற நைனா" என்று கூப்பிட்டுக் கேட்கிற வேலையும் ஹரிக்கு மிச்சம்.

"எழுபது வயசுல எங்க நைனா பல்ஸைப் பாருங்கடா!" என்று ஆபீஸில் அவன் பீற்றிக்கொண்டது ஒரு நாளா, இரண்டு நாளா!

"எங்கய்யா திருடின?"

"திருடல தம்பி. நான் ஜெபக்குமார். உங்க பக்கத்து வூட்டுக்குப் புதுசா குடி வந்துகீறேன்."

சட்டைக்குள்ளிருந்து சிலுவை டாலர் எட்டிப் பார்த்தது. ஹரி அந்தச் சட்டையையே கொத்தாகப் பிடித்தான்.

"சர்ச்சுக்குப் போற ஆளுக்கு முருகன் மலையில இன்னாய்யா வேலை? எங்க நைனாவ இன்னா பண்ண?"

கூட்டம் கூடிவிட்டது. "போலீசைக் கூப்புடுங்க சார்!" என்றது ஒரு குரல்.

"வூட்டுக்கு வாங்க தம்பி. நைனாவே சொல்வாரு. நான் சொல்லமாட்டேன்னு வாக்கு குடுத்துகீறேன்" என்றார் அவர்.

பிடித்த சட்டையை விடாமல் வீடு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனான்.

கட்டிலில் அப்பா கிடந்தார். தொடை வரை மாவுக்கட்டு. ஆளே பாதியாகியிருந்தார்.

"நைனா! இன்னா இது? எப்ப?"

"மொதல்ல ஜெபாவ வுடுடா! போன மாசம் படியில வழுக்கி வுழுந்தப்ப, ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனதே அவருதான். வாட்சக் கட்டிகினு தெனம் மலை ஏறிட்டு வாங்கன்னு சொன்னது நானு. சாமி வேறயா இருந்தாலும் எனக்கோசரம் ஏறிட்டு வராரு, பாவம்."

ஹரியின் பிடி தானாகத் தளர்ந்தது. ஜெபக்குமார் முகத்தைப் பார்க்கவே கூசியது.

"எதுக்கு நைனா இந்த நாடகம்? தெரிஞ்சா ஓடி வந்திருக்க மாட்டேனா? வுழுந்தா அந்த வாட்சே எனக்கு போன் போடுமே!"

அப்பா அவன் கையைப் பிடித்துத் தடவிக் கொடுத்தார்.

"போட்டுச்சேப்பா. திருப்பித் திருப்பிப் போட்டுச்சு. நீ கட் பண்ணிகினே இருந்த. புள்ள இன்னா முக்கியமான வேலையில கீறானோ, இனிமே இது அவனைத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னுதான், கழட்டி ஜெபா கையில கட்டி வுட்டேன்."