ஐந்து மைக்ரான்

“பின்னு சிக்கிக்கிச்சாம்டா” என்று லேத் ஓட்டுகிற பச்சைமுத்துவிடம் சொல்லிவிட்டுக் கன்னியப்பன் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

செஞ்சியில், திண்டிவனம் ரோட்டில் அவருடைய லேத் பட்டறை. அறுவடை மெஷினுக்கு உதிரிபாகம் செய்துகொண்டிருந்த இடம். போன வருஷம் யோகம் அடித்தது. செயற்கைக்கோளின் சோலார் தகடு மேலே போய் விரிய வேண்டும். அதை விரிக்கிற கீலுக்கு இருபத்து நான்கு ஸ்டீல் பின்கள் கேட்டு ஆர்டர் வந்தது. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது.

இப்போது சோதனையில் கீல் பாதியில் நின்றுவிட்டதாம். மேலே போன பிறகு நின்றிருந்தால் ஏணி வைத்து ஏறித் தட்டிவிடவா முடியும்?

“யாரு வந்து பாக்கறாங்க மொதலாளி?”

“மோனிகா.”

பச்சைமுத்துவுக்கும் அந்தப் பேர் மறந்திருக்கவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் சிங்கவரம் காலனியிலிருந்து சைக்கிளில் வந்து, “காலேஜ்ல கேக்கறாங்க சார், பதினஞ்சு நாள் ட்ரெய்னிங் குடுங்க” என்று நின்ற பெண். “உங்க ஆளுங்கள உள்ள உட்டா மத்தவன் எவனும் வேலைக்கு வரமாட்டான்” என்று எல்லார் எதிரிலும் திருப்பி அனுப்பியவர் சாட்சாத் கன்னியப்பன்தான். இன்றைக்கு அவள் அந்தச் செயற்கைக்கோள் கம்பெனியில் என்ஜினீயர். அவள் அளந்து எழுதுவதுதான் தீர்ப்பு. ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, கூட்டி எழுதினால் போதும், பட்டறைக்குப் பூட்டுதான்.

ராத்திரி முழுக்கத் தூங்காமல் யோசித்ததில் கன்னியப்பனுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. காலையில் பச்சைமுத்துவைக் கூப்பிட்டார்.

“பச்ச, ஒரு கையெழுத்து போடுடா. ஒடம்பு சரியில்லாதப்ப கடைசல் புடிச்சேன், என் கவனக்குறைவுதான்னு.”

“அளந்து பாத்துத்தானே மொதலாளி குடுத்தேன்?”

“தெரியும்டா. பட்டறைய மூடுனா ஆறு குடும்பம் தெருவுக்கு வந்துடும். நீ ஒருத்தன் கொஞ்ச நாளு ஊட்ல இரு.”

பன்னிரண்டு வருஷமாக இருக்கிறவன். அவர் எழுதி வைத்திருந்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டான். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பதினோரு மணிக்கு மோனிகா வந்தாள்.

“வாங்க மேடம், வாங்க! டீ சொல்லட்டுமா?”

“அப்பறம் சார். அளக்குற ரூமு எங்க இருக்குது?”

கையோடு இருபத்து நான்கு பின்களையும் திருப்பிக் கொண்டு வந்திருந்தாள். கையுறை மாட்டினாள். ஒவ்வொன்றையும் மூன்று இடத்தில் அளந்து, ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை. கன்னியப்பன் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டிவிட்டாலாவது தேவலை.

பதினாலாவது பின்னை இரண்டு தடவை அளந்தாள். ஏசி ஓடுகிற அறையில் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கடிதத்தை எடுத்து நீட்டினார்.

“மேடம், உண்மையச் சொல்லிடறேன். எல்லாம் இந்தப் பச்சைமுத்து பண்ண வேலை. அவனே எழுதிக் குடுத்துட்டான், பாருங்க.”

படித்தாள்.

“இவரு இப்ப எங்க?”

“நேரா ஊட்டுக்கு அனுப்பிட்டேன். தப்பு பண்ணவன வெச்சிக்கிட்டிருந்தா நமக்குல்ல கெட்ட பேரு!”

மோனிகா கடிதத்தை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த பின்னை எடுத்தாள்.

இருபத்து நாலும் முடிய ஒரு மணி நேரம் ஆனது. தாளை அவர் பக்கம் தள்ளினாள். கன்னியப்பன் பார்க்காமலே பேனாவைத் திறந்தார்.

“படிச்சுட்டுப் போடுங்க சார்.”

படித்தார். எழுத்துகள் ஆடின. ‘அனைத்துப் பின்களும் வரைபடத்தில் கொடுத்த அளவுப்படியே உள்ளன. பட்டறையின் வேலையில் குறை இல்லை.’

“அப்போ... சிக்குனது?”

“மேல பயங்கரக் குளிரு சார், சோதனையிலயும் அதே குளிர வெச்சுத்தான் பாத்தோம். ஸ்டீல விட அலுமினியம் ஜாஸ்தியா சுருங்கும். சுத்தி இருக்குற அலுமினிய வளையம் சுருங்கி உங்க பின்னைப் புடிச்சிக்கிச்சு. நடுவுல இன்னும் எடம் உட்டிருக்கணும், வரைபடத்துல அஞ்சு மைக்ரான்தான் உட்டிருக்குது. வரைஞ்சவங்க தப்பு.”

கன்னியப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே குரலும் வந்துவிட்டது.

“அதானே பாத்தேன்! எவன் மேடம் வரைஞ்சவன்? அவன மட்டும் சும்மா உடக்கூடாது!”

“நான்தான் சார்.”

கன்னியப்பன் கையிலிருந்த பேனாவை மூடினார்.

“என் தப்புதான்னு நேத்தே ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன். ஆனா பட்டறைக்காரங்க மேலதான் தப்பு இருக்கும்னு அங்க எல்லாரும் பேசறாங்க. அளவு கையில இருந்தா உங்க மேல பழி வராது, அதான் வந்தேன்.” மோனிகா கையுறையைக் கழற்றினாள். “திங்கக்கெழம எனக்கு வேலை இருக்குமான்னு தெரியல. பயமாத்தான் இருக்குது.”

ஓரமாக வைத்திருந்த கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“பச்சைமுத்து அண்ணனுக்கு நீங்க போன் போடறீங்களா சார், இல்ல நான் போடட்டுமா?”